திங்கட்கிழமை போட்ட அட்டை

செயின்ட் லூயிஸ்
11 செப்டம்பர் 1974

அக்கா ஆர்டெல்லாவுக்கு,

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. போன வாரம் முழுக்க நான் சிகாகோவில்தான் இருந்தேன். உன் வீட்டிலிருந்து எட்டே தெரு தள்ளி. வரவில்லை. போன தடவை வந்து கதவைத் தட்டினேன், நீ வீட்டில் இல்லை போலிருக்கிறது. இந்தத் தடவை தட்டவே தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பூங்கா மன்றத்தில் என் ஒற்றைக் கம்பி வாசிப்பு. சாராயக் கடை இல்லை, நல்ல இடம். பிள்ளைகள் வரைந்த படமெல்லாம் சுவரில் மாட்டியிருக்கும். அறுபது நாற்காலி போட்டார்கள். வரிசை கோணலாக இருக்கிறதென்று நான் வேறு இரண்டு தடவை நேராக்கினேன். வந்தது நாலு பேர். அதில் ஒருவர் மன்றத்துக் காவல்காரர், சாவி அவரிடம்தான் இருக்கிறது, அவர் எங்கே போவார்? இன்னொரு கிழவர் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டார். நானும் விடாமல் ஒரு மணி நேரம் வாசித்தேன். அறுபது நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது என்ன பாடு என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டாம்.

நீ வாராவாரம் போடும் 'இந்த வாரம் நம்ம பக்கம்' தாளை வெள்ளிக்கிழமை முடிவெட்டும் கடையில் எடுத்துப் பார்த்தேன். பதினாலு நிகழ்ச்சி இருந்தது. நால்வர் பாட்டு, வேலி நெடுகப் படம் மாட்டுகிற ஓவியர்கள், துணி துவைக்கும் கடையில் கவிதை வாசிக்கும் பையன்கள், கறுப்புப் பொம்மைக் கண்காட்சிகூட இருந்தது. என் பெயர் இல்லை. நிகழ்ச்சி விவரம் எழுதி நான் போட்ட அட்டை எப்படியோ தவறியிருக்கும். உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. அந்த ஊர் என்னை மறந்துவிட்டது, அவ்வளவுதான். அது புரிய எனக்கு நாற்பத்தாறு வயசாகியிருக்கிறது.

கம்பி கட்டி வாசிக்கிற பலகையைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் ஆள் எடுக்கிறார்கள். திங்கள் முதல் போகிறேன். ஒற்றைக் கம்பியைத் தட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன் ஒருவழியாக உருப்பட்டான் என்று நீ சந்தோஷப்படுவாய்.

தம்பி
லெமுயல்


சிகாகோ
16 செப்டம்பர் 1974

லெமுயல்,

உன் கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்ததில் மகிழ்ச்சி. நேரத்துக்குப் போ. முதல் நாளே தாமதமாகப் போய் நின்று பல்லைக் காட்டாதே.

தாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு முறை இருக்கிறது, ஊருக்கே தெரியும். மிஸ் ஜூவலின் அழகு நிலையத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அட்டையில் எழுதி, செவ்வாய் நண்பகலுக்குள் அதில் போட வேண்டும். புதன்கிழமை நான் ஸ்டென்சில் வெட்டுகிறேன். வியாழன் திருச்சபை அலுவலகத்தில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் படி எடுத்து, மாதர் சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்து மடிக்கிறார்கள். மூவாயிரம் தாள். நேரம் தப்பி வந்த அட்டையை நான் யாருக்காகவும் சேர்ப்பதில்லை. மேயரே போட்டாலும் சேர்க்க மாட்டேன். உன் அட்டை நேரத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பேன்.

ஊருக்கு வருகிறவன் ஒரு வார்த்தை முன்னால் எழுதியிருக்கலாம். யார் வீட்டிலோ போய்ப் படுத்திருக்கிறாய். என்ன சாப்பிட்டாயோ என்னவோ. நான் சனிக்கிழமை கெளுத்தி மீன் பொரித்தேன். வீட்டில் சாப்பிட ஆளில்லை.

கொட்டகை ஒழுகாமல் இருக்கிறதா? பலகை நனைந்தால் வளைந்துவிடும். நீ வாசிப்பதை விட்டது விடாதது உன் இஷ்டம், அதற்காகப் பலகையை ஏன் கெடுக்க வேண்டும்?

ஆர்டெல்லா


செயின்ட் லூயிஸ்
20 செப்டம்பர் 1974

அக்கா,

மீன் பொரித்தேன் என்று எழுதியதைப் படித்ததும் பசி எடுத்துவிட்டது. இங்கே வேலை பரவாயில்லை. சூடுதான் தாங்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னை 'பேசாமடந்தை' என்கிறார்கள். என்னைப்போய்! நீயே சொல், சிரிப்பு வரவில்லையா?

அட்டையை நான் தபாலில் அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானே போய்ப் பெட்டியில் போட்டேன். மிஸ் ஜூவல் ஒரு அம்மாளின் சுருள் முடியைச் சூட்டுச் சீப்பால் நேராக்கிக்கொண்டிருந்தார். "என்னப்பா, நீயும் நேராக்கிக்க வந்தியா? உனக்கு முன்னாடி முடியே இல்லையே!" என்றார். கடையே சிரித்தது. பெட்டியில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார். பழைய பெட்டிதானே. நடக்கிறதுதான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். வந்த நாலு பேரில் ஒரு பெண் இருந்தாள். வில்லாடீன் என்று பெயர், ஆர்கன்சாவிலிருந்து வந்த நர்ஸ். அவள் என்னைக் கேட்க வந்தவள் இல்லை. வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள், கம்பிச் சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, நான் இந்த ஊருக்கு வந்து மூணு மாசமாச்சு. ஆஸ்பத்திரி, ரூமு, ஆஸ்பத்திரி. நம்ம ஜனம் எங்க பாடுது, எங்க ஆடுது, எங்க கூடுதுன்னு யாருகிட்ட கேக்கறதுன்னே தெரியல. எங்க வீட்டுச் சுவத்துல எங்க மாமா இதே மாதிரி கம்பி அடிச்சு வெச்சிருந்தாரு" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

நான் சொன்னேன்: "எதுக்கும்மா அழுவுற? எங்க அக்கா வாராவாரம் ஒரு தாள் போடுது. மிஸ் ஜூவல் கடையில வெச்சிருக்கும். போய் எடுத்துக்க. நம்ம ஆளுங்க எது நடத்தினாலும் அதுல இருக்கும். ஒண்ணு விடாது."

அவள் வந்தாளா?

லெமுயல்


சிகாகோ
25 செப்டம்பர் 1974

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் எழுதி முடிக்கிறேன்.

பெட்டியில் ஓட்டை இல்லை. உன் அட்டை என் கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமையே எடுத்தேன். படித்தேன். மற்ற அட்டைகளோடு சேர்க்காமல் பையில் போட்டு மூடினேன். புதன்கிழமை ஸ்டென்சில் வெட்டும்போது அந்தப் பை என் காலடியிலேயே இருந்தது. கறுப்புப் பொம்மைக் கண்காட்சிக்கு நாலு வரி அடித்தேன், லெமுயல். நாலு வரி.

ஏன் என்று கேட்பாய். இங்கே என்னை யாருக்கும் நானாகத் தெரியாது. வந்த புதிதில், வயல்காட்டு ஜனம் என்று தெற்கிலிருந்து வந்த எங்களைப் பார்த்து இங்கே சிரிப்பார்கள். நடையைப் பார், பேச்சைப் பார் என்பார்கள். நான் நடையை மாற்றினேன், பேச்சை மாற்றினேன். மிஸஸ் குவார்ல்ஸின் மாதர் சங்கத்தில் சேரும்போது, அப்பா மெம்ஃபிஸில் பள்ளி ஆசிரியர் என்று எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைத்த மனுஷனை ஆசிரியர் ஆக்கினேன். இருபது வருஷமாக அந்தப் பொய்யோடு சபையில் முன்வரிசையில் உட்காருகிறேன்.

நீ வந்தால் கம்பியோடு நிற்க மாட்டாயே. கதை சொல்வாய். அந்த ஷூ கதை.

1971இல் நீ நூலகத்தில் வாசித்தபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். இரண்டு பக்கமும் சங்கத்துப் பெண்கள். நீ சொன்னாய்: "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே ஒரு ஜோடி ஷூ. ஒரு ஞாயிறு எனக்கு, ஒரு ஞாயிறு அக்காவுக்குன்னு பேச்சு. எங்க அக்கா இருக்காளே, ரெண்டு ஞாயிறும் அவளே மாட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு சபைக்குப் போயிருவா. நான் வெறுங்காலோட சபை ஜன்னலுக்குக் கீழ நிப்பேன். அங்க நின்னு நின்னுதான் பாட்டு கத்துக்கிட்டேன்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மிஸஸ் குவார்ல்ஸ் என் காதில், "என்ன ஜென்மமோ அந்த அக்கா!" என்றார். ப்ரூவிட் என்று இங்கே நிறையப் பேர் உண்டு, அதனால் யாரும் நம் பெயரைச் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். கையும் தட்டினேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாதே என்று எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

அன்று மாலை நீ வந்து கதவைத் தட்டியபோது நான் வீட்டில்தான் இருந்தேன். சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஷூ விஷயத்தில் நடந்தது என்ன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. நான் செய்ததற்கு அது சாக்கும் இல்லை. என் தம்பி அறுபது காலி நாற்காலிக்கு வாசித்தான், நாற்காலியைக் காலியாக்கினது நான். வெட்கத்தில் எனக்கு இந்த வாரம் சபைக்குப் போகவும் முடியவில்லை.

அந்த நர்ஸ் பெண் மிஸ் ஜூவல் கடைக்கு வந்தாள். "எல்லாம் இதுல இருக்கும்னு ஒரு அண்ணன் சொன்னாரு" என்று தாளை எடுத்துக்கொண்டு போனாள். நான் முடி உலர்த்தும் இயந்திரத் தொப்பிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காதவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா


செயின்ட் லூயிஸ்
29 செப்டம்பர் 1974

ஆர்டெல்லா,

எனக்குத் தெரியும்.

அன்று அட்டையைப் போட்டுவிட்டு எதிர்ப் பக்கம் முடிவெட்டும் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறக்க நீ வருவாய் என்று தெரியும். உன்னை ஒரு தடவை பார்க்கலாமே என்று. பச்சைத் தொப்பி போட்டிருந்தாய். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துத் துணிப்பையில் போட்டாய். என் அட்டையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு கைப்பையைத் திறந்து தனியாக வைத்தாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "தனியா வெக்குது, அப்போ முதல்ல போடப் போவுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். ஆமாம், வாய்விட்டுச் சொன்னேன். அதே ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெள்ளிக்கிழமை தாளைப் பிரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டியில் ஓட்டை என்று எழுதியது உனக்குத் தப்பிக்க ஒரு வழி கொடுக்கத்தான். நீ தப்பிக்காமல் ஒப்புக்கொண்டாய், அதற்கு நான் கும்பிட வேண்டுமா? முன்பின் தெரியாத பையன்களின் கவிதைக்கு இடமிருக்கிறது. பொம்மைக்கு இடமிருக்கிறது. கூடப் பிறந்தவனுக்கு இல்லை. அப்பாவுக்கும் இல்லை. அந்த மனுஷன் முதுகு ஒடியப் பருத்தி எடுத்தது உனக்கு அவமானமா? சங்கமாம், குவார்ல்ஸாம்.

கதை என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வார்கள். மேடை அப்படி. ஜனம் சிரித்தால்தான் அடுத்த பாட்டைக் கேட்கும். அதற்காகக் கதவைச் சாத்துவாயா?

பதில் எழுத வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது, நீ சொன்னபடி நேரத்துக்குப் போகிறேன்.

லெமுயல்


சிகாகோ
18 அக்டோபர் 1974

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். திட்டுவதென்றால் படித்துவிட்டுத் திட்டு.

நேற்று அச்சான தாள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தலைப்புக்குக் கீழே கட்டம் கட்டி எப்போதும் திருத்தம் போடுவேன், போன வாரம் தப்பாக அடித்த நேரம், முகவரி, அந்த மாதிரி. இந்த வாரம் அதில் இருப்பது இது:

"திருத்தம்: செப்டம்பர் 8ஆம் தேதி பூங்கா மன்றத்தில் லெமுயல் ப்ரூவிட் ஒற்றைக் கம்பி வாசித்தார். அவருடைய அட்டை நேரத்துக்கு வந்தது. இந்தத் தாளைத் தயாரிப்பவர் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார். வாசித்தவர் தயாரிப்பவருடைய உடன்பிறந்த தம்பி. இருவரும் மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வளர்ந்தவர்கள். இருவரின் அப்பா பள்ளி ஆசிரியர் அல்ல. வயல் கூலி. பெயர் எஸ்ரா ப்ரூவிட். லெமுயல் ப்ரூவிட் நவம்பர் 10, ஞாயிறு மூன்று மணிக்கு அதே மன்றத்தில் மறுபடி வாசிப்பார். — ஆர்டெல்லா ப்ரூவிட்."

ஸ்டென்சில் வெட்டும்போது 'எஸ்ரா'வில் ஒரு எழுத்து கிழிந்தது. மெழுகு வைத்து ஒட்டி மறுபடி அடித்தேன். அப்பா பெயர் இந்த ஊரில் அச்சானது இதுதான் முதல் தடவை.

நேற்று மடிக்க உட்கார்ந்தோம், ஏழு பெண்கள். வழக்கமாக ஊர் வம்பெல்லாம் அந்த மேஜையில்தான். முதல் தாளை மடித்தவள் மறுபடி பிரித்துப் படித்தாள். பிறகு அடுத்தவள். மிஸஸ் குவார்ல்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் படித்தார்.

"ஆர்டெல்லா, இது என்ன?"

"படிச்சீங்களே, அதான்."

"வாத்தியார் பொண்ணுன்னுதானே உன்னைச் செயலாளர் ஆக்கினோம்?"

"ஆமாங்க. பொய் சொல்லிட்டேன்."

கடைசியில் இருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், "அப்போ அந்த ஷூ கதையில வர்ற அக்கா... நீதானா?" இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஆமாம் என்றேன். ஆனாலும் எழுந்து போகவில்லை. மூவாயிரத்தையும் மடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

செயலாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். தாளை எடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே வேறு யாருக்கும் ஸ்டென்சில் வெட்டத் தெரியாது. இன்று காலை பெட்டியைத் திறந்தால் அட்டைகளுக்கு நடுவில் பெயர் போடாத ஒரு சீட்டு: 'இந்த ஞாயிறு ஷூ யார் முறை?' மிஸ் ஜூவல் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டு, "எவ எழுதினான்னு எனக்குத் தெரியும், அடுத்த தடவை அவ தலைக்குச் சீப்பைக் கொஞ்சம் அதிகமாவே சூடு பண்றேன்" என்றார்.

உன்னைக் கேட்காமல் தேதி போட்டுவிட்டேன். மன்றத்துக் காவல்காரர்தான் அன்றைக்கு இடத்தை நமக்கென்று எழுதி வைத்துக்கொண்டார். நீ வராவிட்டால் அந்த மூன்று மணிக்கு நானே மேடையில் நின்று, ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு நாற்காலிகளை மடிப்பேன். மிரட்டவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா


செயின்ட் லூயிஸ்
25 அக்டோபர் 1974

அக்கா,

தாளைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். அப்பா பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். பலகை நனையவில்லை. கம்பிதான் துருப்பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுத் துடைப்பத்தைக் கேட்டு வாங்கி அதைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துப் பலகையில் கட்டினேன். பழைய மூக்குப்பொடி பாட்டிலையே கம்பிக்கு முட்டுக் கொடுத்தேன். சத்தம் நன்றாகத்தான் வருகிறது. வேலையில் ஞாயிறும் திங்களும் லீவு சொல்லியிருக்கிறேன். வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன், மீன் பொரித்து வை.

இதைச் சொல்லாமல் வர முடியாது. உன் திருத்தத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன் பொய்யை எழுதியிருக்கிறாய். நீ விட்டதை எழுதியிருக்கிறாய். அந்த ஏழு பேர் மேஜையில் ஒருத்தி கேட்டதும் 'ஆமாம், நான்தான்' என்றும் சொல்லியிருக்கிறாய். 'அவன் சொன்ன கதை பொய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூவாயிரம் தாள் உன் கையில் இருந்தது, அக்கா. ஒரு வரி போதும். அதைப் போடவில்லையே நீ.

பருத்தி எடுத்த உன் கூலியில் வாங்கிய ஷூ அது. உன் காலுக்கு வாங்கியது. நான் சபையில் பாடுகிறேன் என்று, "எனக்கு வயித்த வலிக்குதுடா, இந்த வாரமும் நீயே போட்டுட்டுப் போ" என்பாய். எல்லா ஞாயிறும் உனக்கு வயிற்று வலி. நான் சபைக்குள்ளே முதல் வரிசையில் நின்று பாடினேன். ஒரு நாள் பாட்டு நடுவில் ஜன்னல் பக்கம் திரும்பினேன், கீழே சேற்றில் நீ வெறுங்காலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாய். உன்னை நான் பார்த்தேன் என்று இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். முதலில் ஒரு கடையில் கதையை மாற்றிச் சொன்னேன், ஜனம் சிரித்தது. அப்புறம் இருபது வருஷம் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி ஜன்னலில் நின்றது நான்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. உன் கதவு சாத்தியிருந்தது சரிதான்.

பத்தாம் தேதி முன்வரிசையில் உட்கார். நான் நேராகச் சொல்லப் போகிறேன். யாரும் சிரிக்காவிட்டால் போகட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. இதோடு ஒரு அட்டை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும், நேரம் தப்பியது என்று இந்தத் தடவை சொல்ல முடியாது. கைப்பையில் போடாதே. பெட்டியில் போட்டு, முறைப்படி எடுத்து, கட்டத்துக்குள் அடி.

"திருத்தம்: ஷூ போட்டுக்கொண்டு சபைக்குப் போனவன் நான். ஜன்னலுக்குக் கீழே வெறுங்காலோடு நின்றவள் என் அக்கா ஆர்டெல்லா. — லெமுயல் ப்ரூவிட்."